பச்சை உடைந்தால் சிரிக்க வைக்க வேண்டும்

என் பிழைகளைக் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒருத்தியைத்தான் நான் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டேன். கோலாலம்பூரில் ஒரு வங்கிக்கான மென்பொருள் வேலை. நான் நிரல் எழுதுவேன். தேன்மொழி அதை ஓட்டிப் பார்த்து, எங்கெங்கே உதைக்கிறது என்று மாலைக்குள் எழுதி அனுப்புவாள். இப்படியே சில காலம் போனபின், என்னைப் பற்றி அவள் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமிருக்கவில்லை. நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவன். அவளுக்குக் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம்.

என் வீட்டில் உடனே சரி என்றார்கள். அவள் வீட்டில் அப்பாவுக்கு ஆட்சேபம் இல்லை. அம்மா மட்டும் பதில் சொல்லவில்லை. அவருடைய சிக்கல் நியாயமானதுதான். அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை பார்ப்பதென்றால், பையன் வீட்டுத் தெருமுனை டீக்கடையில் போய் ஒரு டீ குடித்தால் போதும், முழு ஜாதகமும் கைக்கு வந்துவிடும். கிள்ளானில் எந்த டீக்கடையில் போய் உட்காருவது? "அந்தத் தம்பிய இங்க வரச் சொல்லு. நாலு நாள் நம்ம வூட்ல இருக்கட்டும். ரயிலு ஏறதுக்குள்ள பதில் சொல்றேன்" என்று மகளிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டார். பெரியவர்கள் யாரும் கூட வரக்கூடாது என்பது நிபந்தனை. தேன்மொழிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "நடிக்காதீங்க, அம்மா கண்டுபிடிச்சிடுவாங்க" என்பது மட்டும்தான் அவள் எனக்குத் தந்த வழித்துணை. அப்படித்தான் இரண்டாயிரங்களின் நடுவே ஒரு பங்குனிக் கடைசியில், வாழ்க்கையில் முதல் தடவையாக இந்தியாவுக்குப் போனேன்.

திங்கட்கிழமை எழும்பூரில் ரயில் ஏறினேன். விழுப்புரம் வரை கண்கொட்டாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். விழுப்புரத்தில் வடை வந்தது. மலேசியாவில் எங்கள் வீட்டுப் பக்கம் கிடைக்கும் வடைக்கும் இதற்கும் சொந்தம் உண்டு என்று சொல்லலாம், ஆனால் தூரத்துச் சொந்தம். இரண்டைச் சாப்பிட்டதும் ஜன்னல் காற்றில் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது எதிர் இருக்கையில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். விருத்தாசலம் எப்போது வரும் என்று கேட்டேன்.

"விருத்தாசலமா? அங்கதான நானே ஏறினேன். எறங்கற ஆளு இப்புடித் தூங்குவாங்களா?" என்றார். பிறகு, என் மூட்டை முடிச்சையும் முழியையும் பார்த்து மனம் இரங்கி, அடுத்து நின்ற பெண்ணாடத்தில் பெட்டியோடு என்னை இறக்கிவிட்டு, நடைமேடையில் நின்ற ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டும் போனார். அந்த இரண்டாம் நபர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மலேசியா என்று கேள்விப்பட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "எங்க மாமா பையன் அங்கதான் இருக்கான். பேரு முருகன். தெரியுங்களா?" தெரிந்திருக்கலாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

தொலைபேசிக் கடையிலிருந்து தேன்மொழியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "அங்கேயே நில்லுங்க. அப்பா வேலை செய்ற சர்க்கரை ஆலை அந்த ஊர்லதான். ஷிப்ட் முடிஞ்சு வந்து கூட்டிட்டுப் போவார்" என்றாள். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. காற்று முழுக்க வெல்ல வாசனை. மாப்பிள்ளையாகப் பார்க்கப்படப் போகிறவன் முதலில் பெண்ணின் அப்பாவை வேலை முடிந்து களைத்துவரும் நேரத்தில், தவறான ஊரில், தொந்தரவு செய்தது நல்ல தொடக்கம் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

தேன்மொழியின் அப்பா ராமலிங்கம் ஐயா டிவிஎஸ் வண்டியில் வந்தார். என் பெட்டியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பெட்டியை வைக்க ஒரே இடம்தான் இருந்தது. அது என் தலை. ஒரு கையால் பெட்டியையும் மறு கையால் அவர் தோளையும் பிடித்துக்கொண்டு விருத்தாசலம் வந்து சேர்ந்தேன். வழியில் அவர் ஒன்றுமே பேசவில்லை. ஊர் நெருங்கும்போது மட்டும், "எதுவா இருந்தாலும் அவகிட்டதான் கேக்கணும்ங்க. நான் சும்மா கூட்டியாந்து உடற ஆளு" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

தேன்மொழியின் அம்மா பெயர் கொளஞ்சியம்மாள். பீங்கான் பொம்மை செய்யும் ஒரு கொட்டகையில் சீர்பார்க்கும் பெண்களுக்குத் தலைவி. மெலிந்த, உயரமான பெண்மணி. சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, என்னை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நான் கைகூப்பி, "பசியாறிட்டீங்களா?" என்றேன். எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் வாயில் வருவது அதுதான். வந்த விருந்தாளி வீட்டுக்காரரைச் சாப்பிட்டாயா என்று விசாரிப்பது அந்த வீட்டுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். "ம், ஆச்சு தம்பி" என்றார். மணி மாலை ஐந்து.

அந்த வீடு எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. அதில் இருந்த எந்தப் பீங்கானும் முழுசாக இல்லை. சூளையில் கோணிப்போனதும் விரிசல் விட்டதும் விற்பனைக்குப் போகாமல் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது ஒரு மின்கம்பப் பீங்கான். உப்பு ஜாடியின் மூடி ஒருபக்கம் சாய்ந்திருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் ஒரு காது மட்டும் உள்ள யானை நின்றது. கோலாலம்பூரில் என் அறையில் எல்லாமே புத்தம்புதிது, எதன் மேலும் எனக்குப் பிரியம் கிடையாது. இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பச்சை முந்திரிக் குழம்பு. முந்திரியை நான் டப்பாவில் வறுத்த பண்டமாகத்தான் அறிவேன். கொட்டையைப் பச்சையாகவே உடைத்து, பருப்பை எடுத்து, தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பு வைப்பார்கள் என்பது எனக்கு யாரும் சொல்லாத செய்தி. சோற்றோடு பிசையும்போது பருப்பு விரலுக்கடியில் வெண்ணெய் மாதிரி அமுங்குகிறது. கூடவே ஒரு மிளகாய்த் துவையல். காரமா தம்பி என்று கேட்டார். இல்லவே இல்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை, "சும்மா வூட்ல குந்தியிருந்து என்னா பண்ணப் போறீங்க, வாங்க" என்று கொட்டகைக்கே கூட்டிக்கொண்டு போனார். ஊருக்கு ஓரமாக வரிசையாகக் கொட்டகைகள். வாசல்தோறும் நீளப் பலகைகளில் ஜாடியும் அகலும் பொம்மையும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஆட்கள், மரங்கள், சைக்கிள்கள் எல்லாவற்றின் மேலும் மெல்லிய வெள்ளைப் பொடி. அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து மிச்சத்தைக் கவிழ்த்துவிடுகிறார்கள். சுவரில் ஒட்டிய மண் மட்டும் நின்று, அச்சைப் பிரித்தால் ஒரு யானை வெளியே வருகிறது. இதை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன்.

அச்சிலிருந்து வந்த யானைக்கு உடம்பு முழுக்கத் தழும்புக் கோடு இருக்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவதுதான் கொளஞ்சியம்மாள் கூட்டத்தின் வேலை. சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்தார்கள். பேச்சு நிற்காது, கையும் நிற்காது. சூளைக்குப் போகாத இந்த உருப்படிகளை அவர்கள் பச்சை என்கிறார்கள். பச்சை பார்க்கத்தான் கெட்டி, தொட்டால் பிஸ்கட். இது எனக்குத் தெரியாது. ஒரு யானையை ஆசையாகத் தும்பிக்கையில் பிடித்துத் தூக்கினேன். தும்பிக்கை மட்டும் வந்தது.

கொட்டகையே கைவேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. "கவலப்படாதீங்க சார்" என்றார் ஸ்டெல்லா என்ற பெண். அங்கிருந்தவர்களில் வாய்த்துடுக்கு அவருக்குத்தான் அதிகம். "பச்ச ஒடஞ்சா நட்டமில்ல. தொட்டியில போட்டா திரும்பவும் மண்ணு. ஆனா ஒரு சட்டம் இருக்குது. ஒடச்சவங்க எங்க எல்லாரையும் சிரிக்க வெக்கணும்." சுட்ட பிறகு உடைந்தால்? "அப்ப யாரும் பேசமாட்டோம். அது திரும்பாதுல்ல" என்றார்.

எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். ஏனென்றால் என் பொழுதுபோக்கே அதுதான். எங்கள் ஊர்ப் பத்திரிகையின் ஞாயிறு மலருக்கு நான் துணுக்கு எழுதி அனுப்புகிறவன். பல வெளிவந்தும் இருக்கின்றன. வீட்டில் இதை ஒரு லேசான வியாதி போல நினைத்து, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு என் சரக்கிலேயே சிறந்ததை எடுத்துவிட்டேன்: "முதலாளி கேட்கிறார், 'ஏன்ப்பா லேட்டு?' ஊழியர் சொல்றார், 'நீங்கதானே சார் வீட்லயும் வேலையைப் பத்தியே நினைக்கணும்னீங்க. நினைச்சேன், தூக்கம் வந்துடுச்சு.'"

யாரும் சிரிக்கவில்லை. அக்கறையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அந்த மொதலாளி யாரு சார்?" என்றார் ஸ்டெல்லா. யாருமில்லை, கற்பனை என்றேன். "அப்ப லேட்டா வந்த ஆளு?" அவரும் கற்பனைதான். "ஆளே இல்லாம எப்புடி சார் சிரிக்கறது?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

சற்று நேரத்தில் ஸ்டெல்லாவே ஒரு ஜாடி மூடியை உடைத்தார். தயங்காமல் ஆரம்பித்தார். "எங்க வூட்டுக்காரரு செல்போனு வாங்கியாந்தாருல்ல. ஒரு நாளு பூரா கையில வெச்சிகிட்டு காத்திருந்தாரு. ஒருத்தரும் கூப்புடல. மறுநாளு கடக்காரன்கிட்டப் போயி, இது அடிக்கவே மாட்டேங்குது, மாத்திக் குடுன்னு சண்ட. அவன் பாவம் பாத்து, அங்கியே நின்னுகிட்டு ஒரு கால் போட்டுவுட்டான். இவரு எடுத்துக் காதுல வெச்சி, எதிர்ல நிக்கறவனப் பாத்துகிட்டே, 'அலோ, யாருங்க பேசறது?'ங்கறாரு." கொட்டகை அதிர்ந்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தக் கணவர் தினமும் மதியம் அவருக்குச் சோறு கொண்டுவருபவர், எல்லோருக்கும் தெரிந்தவர்.

அங்கே நான் கவனித்தது, அவர்கள் ஒருவரையொருவர் விடாமல் கிண்டல் செய்தார்கள், என்னை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தும்பிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேய்முழி முழித்தவனை விட நல்ல சரக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் எனக்கு நாற்காலி போட்டார்கள், டீயை முதலில் நீட்டினார்கள், சார் என்றார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. வருமான வரி அதிகாரிக்குக் கிடைப்பது போன்ற மரியாதை. கொளஞ்சியம்மாள் தலை நிமிராமல் சீவிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை ஐயாவுக்கு விடுமுறை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு வண்டியில் கூட்டிப்போனார். சுற்றுவட்டாரத்தில் ஆணும் பெண்ணுமாகப் பாதிப் பேர் அந்தச் சாமி பெயரைத்தான் தாங்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு வழக்கம். குறை உள்ளவர்கள் அதைக் காகிதத்தில் எழுதிப் பிராது கட்டுகிறார்கள். குறை தீர்ந்தால் வந்து வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் அசந்துபோய் நின்றேன். எங்கள் தொழிலில் பிழையைப் பதிவு செய்வதும், சரியானபின் முடித்துவைப்பதும் இதே மாதிரிதான், என்ன, நாங்கள் இவ்வளவு பக்தியோடு செய்வதில்லை. பேச்சில்லாத ஐயாவே அங்கே வாய் திறந்தார். "ஒங்க விசியமா ஒரு பிராது கட்டிப் பாக்கலாமான்னு அவகிட்ட கேட்டேங்க. சாமிக்கு எதுக்குத் தொந்தரவு, நானே பாத்துக்கறேன்னுட்டா."

அன்று மாலை கொளஞ்சியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் உதவி செய்கிறேன் என்று காம்பையும் இலையையும் ஒன்றாகக் கலந்துகொண்டிருந்தேன். அவர் என் பங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கீரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"தேனு அங்க சிரிக்குதா தம்பி?"

"நான் அவங்கள நல்லா பார்த்துக்குவேங்க" என்றேன். கிள்ளானிலிருந்தே தயாரித்துக்கொண்டு வந்த வாக்கியம்.

"நான் அதக் கேக்கல. அழுதா போன்ல தெரிஞ்சிடும். சாப்புட்டியா, தூங்குனியான்னா அதுவே சொல்லிடும். சிரிக்குதான்னு மட்டும் இங்க இருந்து தெரியல. சின்னதுலேருந்து எங்க கொட்டாயில வளந்த புள்ள. ஸ்கூல் உட்டா நேரா அங்கதான் வரும். ஒரு எடத்துல சிரிப்பு இல்லன்னா அது இளச்சிப் போயிடும்."

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்த ஒரு சந்தர்ப்பம் எனக்கு நன்றாகவே நினைவிருந்தது. ஆனால் அது மாமியாராக வரப்போகிறவரிடம் சொல்லக்கூடிய கதை இல்லை. "சிரிப்பாங்க... அப்பப்ப" என்று இழுத்தேன். அவர் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் தோற்றுவிட்டேன் என்று தோன்றியது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, அந்த வயதில் அது எனக்கே ஆச்சரியம்.

வியாழக்கிழமை மாலை எனக்கு ரயில். காலையில் கொட்டகைக்குப் போய் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வரலாம் என்று கிளம்பினேன். பதில் இன்னும் வந்திருக்கவில்லை. கேட்கவும் பயம். பெண்கள் சீவிக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை உடைத்த தும்பிக்கைக்கு இன்னொரு துணுக்கு சொல்லட்டுமா என்றேன். பரவாயில்ல சார், உட்டுடுங்க என்று ஸ்டெல்லா பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். விருந்தாளி என்பதால் தண்டனை தள்ளுபடி. அது எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். கொளஞ்சியம்மாள் சீவி முடித்த ஒரு யானையை உள்ளங்கையில் நிறுத்தி, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். நல்ல யானை, எந்தக் குறையும் இல்லை. கத்தரிக்காய்க் காம்பைக் கிள்ளுவதைப் போலத் தும்பிக்கையைக் கிள்ளி ஒடித்தார்.

கொட்டகை அப்படியே நின்றது. "அக்கா" என்றார் ஸ்டெல்லா, குரல் இறங்கி. "இத்தினி வருசத்துல நீ ஒரு மூடி ஒடச்சி நான் பாத்ததில்ல."

"ஒடஞ்சிடுச்சி. சட்டம்னா எனக்கும் சட்டம்தான" என்றார் கொளஞ்சியம்மாள். எழுந்து நின்று புடவையை உதறிச் செருகிக்கொண்டார். ஒரு காலிப் பலகையைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்தார், வண்டி ஓட்டுகிறவர் தோளைப் பிடிப்பது போல மறு கையை முன்னால் நீட்டினார், கண்ணை அகல விரித்துக் குலுங்கிக் குலுங்கி வந்தார். "யாரு வர்றாங்க? மலேசியா மாப்புள்ள வர்றாரு, பெண்ணாடத்துலேருந்து." முதல் சிரிப்பு கிளம்பியது. பலகையை இறக்கிவைத்துக் கைகூப்பினார். "வந்ததும் எங்கிட்ட பசியாறிட்டீங்களா. பால்காரன்கிட்ட பசியாறிட்டீங்களா. கரண்டு மீட்டரு பாக்க வந்தானே, அவன்கிட்டயும். நேத்து வாசல்ல மாடு வந்து நின்னுச்சி, அத நல்லா பாத்தாரு, கேட்டுப்புடுவாரோன்னு எனக்கு பயம்." இல்லாத துவையலைத் தொட்டு வாயில் வைத்து, கண் வழிய, மூக்கு வழிய, "காரமே இல்லீங்க" என்று மெல்லிய குரலில் சொன்னார். அது என் குரல்தான். நான்கு நாளும் தலை நிமிராமல் இருந்தவர் ஒன்றைக்கூட விடவில்லை. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நாற்காலியில் உட்கார முடியாமல் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நான்கு நாளில் அப்போதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"கோவமா தம்பி?" என்றார் மூச்சு வாங்க.

"இல்லைங்க. ஆனா நீங்க பார்க்காத ஒண்ணு இருக்கு. அதையும் சொல்லிடறேன்."

சொன்னேன். தேன்மொழியிடம் என் விருப்பத்தைச் சொல்வதற்கு முந்தைய நாள், அலுவலகத்தில் ஒரு காலி அறையில் புகுந்து, என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். சுவர்க் கண்ணாடியைப் பார்த்து, கையெல்லாம் ஆட்டி, உணர்ச்சியோடு. அந்த அறை மேசையில் ஒரு தொலைபேசி உண்டு, அதில் பேசினால் பல இடத்தில் ஒரே நேரத்தில் கேட்கும். முன்பு இருந்தவர்கள் அதை அணைக்காமல் போயிருந்தார்கள். "நான் பேசினதை எங்க கூட்டம் முழுக்கக் கேட்டுட்டு இருந்திருக்கு. மலாய்க்காரர், சீனர் எல்லாரும். அவங்களுக்குத் தமிழ் புரியல. பேர் மட்டும் புரிஞ்சுது. தேன்மொழிக்கு எல்லாம் புரிஞ்சுது."

"அய்யய்ய" என்றார் ஸ்டெல்லா. "அது என்னா பண்ணிச்சி?"

"சாயந்தரம் எனக்கு ஒரு பிழை அறிக்கை அனுப்பினாங்க. 'மூன்றாவது வாக்கியம் இரண்டு தடவை வருகிறது. முடிவில் கேள்வி கேட்கவே இல்லை. திருத்தி மறுபடி ஓட்டவும்.'"

கொட்டகை வெடித்தது. யாரோ கையிலிருந்த பஞ்சைத் தூக்கி என்மேல் எறிந்தார்கள். ஸ்டெல்லா, "மூணாவது என்னா சார், அத மொதல்ல சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டார். நான் சொல்லவில்லை. கொளஞ்சியம்மாள் கை முழுக்கக் களிமண்ணாக இருந்ததால், மணிக்கட்டால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. மகளுக்கு அதே சிரிப்பு.

"அன்னிக்கு அது சிரிச்சிதா?" என்று கேட்டார், சிரிப்பு அடங்கியபின்.

"வாய் விட்டு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அப்புறம் பல நாள் என் மூஞ்சியப் பார்த்தாலே சிரிச்சாங்க. வேலையே ஓடல."

அவர் தலையை ஆட்டினார். தும்பிக்கை இல்லாத யானையையும் தும்பிக்கையையும் எடுத்துக்கொண்டுபோய்க் களிமண் குழம்புத் தொட்டியில் போட்டார். கையைக் கழுவினார், முந்தானையில் நிதானமாகத் துடைத்தார்.

"ஸ்டெல்லா, நாளைக்கு நான் வேலைக்கு வரமாட்டேன். நீ பாத்துக்க" என்றார்.

"நாளைக்கா? காச்சல்ல கூட வந்த ஆளு நீ. எங்கக்கா போற?"

"வெள்ளிக்கெழம ஜோசியரு வூட்ல இருப்பாரு" என்றார் கொளஞ்சியம்மாள், அடுத்த யானையைக் கையில் எடுத்தபடி. "இவங்க அம்மா அப்பா கடல் தாண்டி வரணும். தேதி சொன்னாதான டிக்கெட்டு எடுப்பாங்க."